அறுபது உயிர்காப்பு அங்கிகள்

— எத்தின வீதம் வேணும் எண்டு சொல்லுங்க மிஸ், நான் தாறன். போன முறை வந்த தம்பிக்கு எண்பது குடுத்த. உங்களுக்கு வேணுமெண்டா எண்பத்தஞ்சாப் போட்டுக்கொள்ளுங்க.

— ஐயா, வீதம் நீங்க தாற சாமான் இல்ல. நான் கேள்வி கேக்கிறன், நீங்க மறுமொழி சொல்றீங்க. வீதம் தன்ட பாட்டுக்கு வரும்.

— தன்ட பாட்டுக்கு விட்டா அது குறைஞ்சு போயிரும் மிஸ். அதப் பாத்துக்கொள்ளத்தானே சனம் என்னத் தலைவராப் போட்டிரிக்கு.

— நான் மீனவர் சங்கத் தலைவர் நல்லரத்தினத்திட்டக் கேக்கல்ல. மீன் பிடிக்கிற நல்லரத்தினத்திட்டத்தான் கேக்கிறன். வாசிக்கிறன், கேளுங்க. ‘கடந்த முப்பது நாட்களில், வாவியில் தொழிலுக்குச் செல்கையில், எமது நிறுவனம் வழங்கிய செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியை எத்தனை தடவைகள் அணிந்தீர்கள்?’

— வாவி எண்டா?

— ஆறு ஐயா. உங்கட வளவுக்குப் பின்னுக்குக் கிடக்கே, அந்த ஆறு.

— அப்ப ஆறு எண்டு கேக்கலாமே. அங்கி எண்டதும் சனத்துக்கு விளங்காது. தன்னாமுனைக் கோயில்ல ஃபாதர் போடுறதுதான் அங்கி.

— ஜக்கட். ஒரேஞ்ச் ஜக்கட். எத்தின தரம் போட்டீங்க?

— முப்பது நாளுக்கு எத்தின தரம் போட்டா நல்லம்?

— ஐயா!

— கோவிக்காதீங்க மிஸ். நான் அது வேற கதையாக் கேக்கிறன். முப்பதும் போட்டன் எண்டா நம்ப மாட்டாங்க. ரெண்டு தரம் எண்டா எங்களுக்கு மரியாத இல்ல. இருபத்திரெண்டு எண்டு போடுங்க. பாக்கிறதுக்கு உண்ம மாதிரி இரிக்கும்.

— எனக்கு உண்ம மாதிரி இரிக்கிறது வேணாம். உண்ம வேணும். எனக்கு முதல் இந்த மதிப்பீட்டு வேலையில இருந்தவர், நீங்க தம்பி எண்டு சொன்னவர், நீங்க குடுத்த எண்பத அப்பிடியே எழுதிட்டார். மறுகா என்ன நடந்த எண்டு தெரியுமா? உதவி தாற வெளிநாட்டு ஆக்கள் நேர வந்து, போட்டில ஏறி ஆறு முழுக்கச் சுத்தினாங்க. மழை நாள். எல்லாத் தோணியிலயும் ஆம்பிளையள் மழைக்கோட்டோட நிண்டாங்களாம். ஒரு ஜக்கட் கண்ணில படல்ல. இப்ப அந்தத் தம்பி என்ன செய்யிறார் தெரியுமா?

— வெளிநாடு போயிட்டாரா?

— ஏறாவூரில ஒரு ஃபோன் கடையில நிக்கிறார்.

— பாவம். நல்ல பொடியன். கேள்வியையும் கேட்டு மறுமொழியையும் தானே சொல்லுவார். எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல.

— அதனாலதான் என்ட மேலதிகாரி சொல்லி அனுப்பினவ. ‘நிருஷா, கண்ணால காணாத ஒண்டையும் எழுதாத’ எண்டு. செங்கலடியில இருந்து விடிய வெளிக்கிட்டு, ஆரையம்பதியில பஸ்ஸால இறங்கி, ஓட்டோ பிடிச்சு மூண்டு நாளா இந்த ஊருக்கு வாறன். அறுபது ஜக்கட் குடுத்த. பூட்டிக் கிடந்த வீடுகள விட்டு, அம்பத்திரெண்டு வீட்டுக்குப் போய் ஜக்கட்டக் காட்டுங்க எண்டு கேட்ட. எத்தின வீட்டில காட்டினாங்க?

— அம்பத்திரெண்டிலயும்?

— நாலு.

— நாலா? பரவாயில்லையே.

— அந்த நாலையும் சொல்றன் கேளுங்க. ஒண்டுக்கு மேல கோழி அடை கிடக்குது. எழுப்பினா முட்டை பழுதாப் போயிரும் எண்டு ஜக்கட்டில உள்ள இலக்கத்தப் பாக்கக் கூட விடல்ல.

— அதுவும் உயிர் காக்கிற வேலதானே மிஸ்.

— ரெண்டாவது வயல் வட்டைக்குள்ள வேளாண்மைக்குக் காவல் நிக்குது. சட்டியில முகம் கீறி, கம்பில ஜக்கட்டப் போட்டுக் கட்டியிரிக்கு. தூரத்தில பாத்திட்டு, ஆரோ ஒராள் ஒழுங்காப் போட்டுக்கொண்டு நிக்கிறார் எண்டு சந்தோசப்பட்டு, வரம்பால நடந்து போய் வணக்கம் எண்டும் சொல்லிட்டன்.

— அது கந்தப்பர்ர வேல. கிளி கிட்ட வாறல்லையாம்.

— மூண்டாவத ஒரு வயசானவர் தலைக்கு வெச்சுப் படுத்திரிக்கார். பயன்பாடு எப்பிடி எண்டு கேட்டா, கண்ணத் திறக்காமலே, மிகவும் திருப்தி எண்டார்.

— நாலாவது?

— நாலாவது உறையே பிரிக்கல்ல. சாமி அறையில இரிக்கு. சந்தனப் பொட்டும் வெச்சிரிக்கு.

— அது பக்தியான குடும்பம்.

— மிச்சம் நாப்பத்தெட்டு வீட்டில ஜக்கட்டே இல்ல ஐயா. எங்க எண்டு கேட்டா, பன்ரெண்டு வீட்டில எலி வெட்டிட்டாம். ஒன்பது வீட்டில நாய் இழுத்திட்டுப் போயிட்டாம். ஒரே நாயா எண்டு கேட்டன். ஓம் எண்டாங்க.

— அப்பிடி ஒரு நாய் இரிக்கு மிஸ். கறுப்பன். சரியான கள்ளன்.

— ஏழு வீட்டில, கட்டாருக்குப் போன தம்பி கொண்டு போயிட்டார். பாலைவனத்தில என்னத்துக்கு ஐயா மிதக்கிற ஜக்கட்?

— அங்கயும் கடல் கிடக்குத்தானே.

— மிச்சமான வீட்டில எல்லாம், அவர் ஆத்தால வந்த பிறகு வந்து கேளுங்க எண்டு சொல்லிக் கதவச் சாத்துறாங்க. ஒரு பொம்பிளையும் என்ட முகத்தப் பாத்துக் கதைக்கல்ல. எல்லாரும் நிலத்தப் பாத்துத்தான் மறுமொழி. உங்கட மகள் வீட்டுக்கும் போன.

— பிரஷாந்திட்டயா? அவள் என்ன சொன்னவள்?

— நாய் எண்டாங்க.

— பாத்தீங்களா, நான் சொல்லல்ல? கறுப்பன்தான்.

— ஐயா, நாப்பத்தெட்டு ஜக்கட் காணாமப் போன எண்டா அதுக்கு எங்கட போமில ஒரு சொல்தான் கிடக்கு. வித்துட்டாங்க.

— வித்ததா! மிஸ், அப்பிடிச் சொல்லாதீங்க. எங்கட சங்கத்தில ஆரும் ஒரு ஊசியக் கூட வித்தவங்க இல்ல. நீங்க என்ன கத கதைக்கிறீங்க?

— நான் கதைக்கல்ல, கணக்கெடுப்புத்தான் கதைக்குது. இண்டைக்குப் பின்னேரம் அறிக்கைய அனுப்பணும். ஜக்கட் போடுறவங்க பூச்சியம், வித்தவங்க எண்பது வீதம்.

— அப்ப நீங்க கட்டித் தாறதெண்ட இறங்குதுறை?

— வராது ஐயா. முதல் கட்டம் சரியெண்டாத்தான் ரெண்டாம் கட்டம். இறங்குதுறையும் இல்ல, அதுக்கு மேல போடுற லைட்டும் இல்ல.

— மிஸ், எங்கட பொம்பிளையள் முழங்கால் அளவு சேத்துக்குள்ள நிண்டு இறால் கூடை தூக்குறாங்க. போன மழைக்கு ஒரு புள்ள விழுந்து கை முறிஞ்ச. அந்தத் துறை வரும் எண்டு சொல்லித்தான் நான் வாக்குக் கேட்டு வந்த.

— அப்ப உண்மையச் சொல்லுங்க. ஏன் ஒருத்தரும் போடுறாங்க இல்ல?

— உண்மையச் சொல்றதெண்டா... அது வெக்கம் மிஸ். ஆத்தில பொறந்து ஆத்தில வளந்த ஆம்பிள, சின்னப் புள்ள மாதிரி நெஞ்சில பட்டி கட்டிக்கொண்டு போறதா? அதிலயும் நான் செஞ்ச வேலைக்குப் பிறகு ஒருத்தனும் போட மாட்டான்.

— நீங்க என்ன செஞ்சீங்க?

— உங்களுக்குத் தெரியாதா? ஆரையம்பதியில இறங்கின உடன ஓட்டோக்காரன் சொல்லல்லையா?

— சொல்லல்ல.

— அவன் புது ஆளாக்கும். போன மார்கழி மிஸ். ஆத்துக்கு அங்கால, படுவான்கரையில இருந்து நான் தனிய வாறன். பகல் பதினொரு மணி. வாடைக் காத்து ஒண்டு எழும்பிச்சி பாருங்க, தோணி குப்புறப் புரண்டிட்டு. நடு ஆறு. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு சனம் இல்ல. நான் என்ன செஞ்ச? வேட்டிய உருவி எறிஞ்ச, கண்ணகை அம்மன நினைச்ச, நீந்தத் தொடங்கின. மூண்டு மணித்தியாலம்.

— மூண்டு மணித்தியாலமா?

— விடாம. பாதி வழியில முதலை ஒண்டு வந்திச்சி.

— முதலை?

— பக்கத்தில. இந்தா, இந்தக் கதிரைக்கும் அந்த வாழைக்கும் உள்ள தூரம். நான் அதப் பாத்த, அது என்னப் பாத்த. இவனோட நமக்கு ஒத்து வராது எண்டு விளங்கி அது திரும்பிட்டு. நான் கரையேறக்குள்ள ஊர்ச்சனம் எல்லாம் அழுதுகொண்டு நிண்ட. தோளில தூக்கிக்கொண்டு வந்தாங்க. அடுத்த மாசக் கூட்டத்தில ஒரு மனசாத் தலைவராக்கிட்டாங்க. நான் ஒரு சொல்தான் சொன்ன மிஸ், நீச்சல் தெரிஞ்சவனுக்கு ஜக்கட் தேவையில்ல எண்டு. கைதட்டு எண்டா அப்பிடிக் கைதட்டு.

— தேத்தண்ணியக் குடிகா மகள், ஆறப்போகுது. இவர் முதலைக்கு வந்திட்டார் எண்டா தேத்தண்ணி மட்டுமில்ல, அடுப்பும் ஆறிரும்.

— இது என்ட மனிசி, இலட்சுமிப்பிள்ளை. இலட்சுமி, நாங்க முக்கியமான விசயம் கதைச்சிக்கொண்டிரிக்கம். நீ உள்ளுக்குப் போ.

— என்ட வீட்டில வெச்சு என்னையே உள்ளுக்குப் போகச் சொல்றார், பாத்தியா மகள்? என்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு இது. இவர் வந்து குந்தினவர்.

— அம்மா, நீங்களும் இருங்க. ஐயாட ஜக்கட்டப் பத்தி நான் இன்னும் கேக்கல்ல. இலக்கம் முப்பத்தேழு.

— அது ஆத்தோட போயிட்டு மிஸ். தோணி புரண்ட அண்டைக்கு.

— ஆத்தோட போனதா?

— ஓம் இலட்சுமி. ஆத்தோட.

— சரி. மிஸ்ஸுக்கு அத எழுதச் சொல்லுங்க. ஆத்தோட போயிட்டு. மூண்டு மணித்தியாலம் நீந்தின. முதலை திரும்பிட்டு. எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க.

— எழுதுவாங்க, எழுதுவாங்க.

— எழுதட்டும். நான் அந்த முதலையக் கூட்டிக்கொண்டு வாறன்.

— எங்க போற? இலட்சுமி! மிஸ், அவளுக்கு இப்ப கொஞ்ச நாளா நெஞ்சிடி. விசர்க் கதையெல்லாம் கதைப்பாள். அடுத்த கேள்விக்குப் போவம். இலட்சுமி, வேணாம்! அந்த அறைக்குள்ள கையப் போடாத!

— இந்தாகா மகள். இலக்கத்த வாசி.

— மு... முப்பத்தேழு. அம்மா, இது ஈரமா இருக்கே.

— நேத்துப் போட்டது. நாளைக்கும் போடுவார். மேல மழைக்கோட்டப் போட்டு மூடிக்கொண்டு போவார். பின்னுக்கு உள்ள பட்டி அவருக்கு எட்டாது. விடியச் சாமத்துச் சோத்தக் கட்டிக் குடுத்திட்டு, நான்தான் பட்டியையும் இழுத்து விடுற. இவ்வளவு நாளும் வாய் திறக்கல்ல மகள்.

— கடந்த முப்பது நாளில எத்தின தரம்?

— இருபத்தாறு. நாலு நாள் மழைக்குப் போகல்ல.

— ஐயா?

— நான் என்னத்தப் பேச? அவள் பேசிட்டாள்.

— அப்ப தோணி புரண்ட அண்டைக்கும்?

— சொல்லுங்க. நான் சொன்னா அது வேற கதையாப் போயிரும். நீங்களே சொல்லுங்க.

— அண்டைக்கும் போட்டிருந்த மிஸ். அதிலதான் தப்பின. தோணி புரண்ட உடன நான் ஒருக்காத் தாண்டு போன. கண்ணத் திறந்தா எல்லாம் பச்சையாக் கிடக்கு. மறுகா அந்த ஜக்கட்தான் என்ன மேல தூக்கிட்டு. ஆரோ கக்கத்தில கையக் குடுத்துத் தூக்கின மாதிரி. கை கால் ஒண்டும் எனக்கு வேல செய்யல்ல. மல்லாக்கக் கிடந்த. மழை வாய்க்குள்ள விழுந்து கொண்டிரிந்த. பிரஷாந்திட கலியாணத்துக்கு ஒரு மாசம் கிடக்கு, நான் இல்லாம ஆரு முன்னுக்கு நிக்கிற எண்டு நினைச்சு நினைச்சு அழுத. மூண்டு மணித்தியாலம் எண்டது பொய்யில்ல மிஸ். நீந்தல்ல, மிதந்த.

— முதலை?

— அது ஒரு கட்டை.

— கட்டை எப்பிடி ஐயா உங்களப் பாத்திட்டுத் திரும்பினது?

— முதலைய நான் கொண்டு வரல்ல மிஸ். அது தை மாசம் தானா வந்த. கூட்டத்தில ஆரோ கேட்டாங்க, அண்ணே அந்தப் பக்கம் முதலை திரியுமே, காணல்லையா எண்டு. இல்ல எண்டு சொன்னா அவங்கட முகமெல்லாம் வாடிரும் போல இரிந்திச்சி.

— கரைக்கு வந்து ஏன் உண்மையச் சொல்லல்ல?

— கரையோரத்துக் கண்ணா மரப் பத்தைக்குள்ள கொண்டு போய் ஆறு என்ன ஒதுக்கிச்சி. அங்கால கரையில சனம் கத்துற சத்தம் கேக்குது. எனக்கு ஜக்கட்டோட போறதுக்கு ஒரு மாதிரி இரிந்த. கழட்டிப் பத்தைக்குள்ள செருகிட்டு நடந்து போன. ஒருத்தன் ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, நீந்தியா வந்த எண்டு கேட்டான். நான் ஓம் எண்டன். ஒரு சொல் மிஸ். ‘ஓம்’ எண்ட ஒரே ஒரு சொல். அதுக்குப் பிறகு மிச்சம் எல்லாத்தையும் அவங்கதான் கதைச்ச.

— அடுத்த நாள் விடிய நான்தான் போய் அதப் பத்தைக்குள்ள தேடி எடுத்த மகள். சீலைக்குள்ள சுத்திக்கொண்டு வந்த. இவருக்கு நீந்தவே வராது. கிணத்தடியில தலைக்கு ஊத்தக்குள்ளயும் மூச்சு முட்டுது எண்டு கத்துவார்.

— இலட்சுமி, அதையுமா எழுதணும்?

— அம்மா, அத எழுதல்ல. ஆனா ஐயா, உங்களுக்கு ஒண்டு தெரியுமா? ‘திட்டத்தால் காப்பாற்றப்பட்ட உயிர்கள்’ எண்டு என்ட போமில ஒரு பெட்டி இருக்கு. இந்த மாவட்டம் முழுக்க எத்தினையோ ஊருக்குக் குடுத்த. ரெண்டு வருசமா அந்தப் பெட்டிக்குள்ள பூச்சியம். இண்டைக்குத்தான் ஒண்டு விழுந்திரிக்கு. அது நீங்க!

— அப்பிடியா? அப்ப இறங்குதுறை வருமா?

— அறுபதுக்கு ஒண்டு போதுமோ தெரியாது. ஆனா ஒரு உயிர் எண்டா மேல இருக்கிறவங்க கண்ணத் திறந்து பாப்பாங்க. உங்கட கதைய வடிவா எழுதி, போட்டோவும் வெச்சு...

— போட்டோவா! மிஸ், பேரப் போடாம எழுதுங்க. ‘ந. எண்ட மீனவர்’ எண்டு.

— அப்பிடியும் எழுதலாம். ‘சங்கத் தலைவரான ந. எண்ட மீனவர்.’

— தலைவரையும் எடுங்க.

— ‘போன மார்கழி தோணி புரண்டு மூண்டு மணித்தியாலம்...’

— அதையும் எடுங்க.

— எல்லாத்தையும் எடுத்தா ‘எண்ட’ மட்டும்தான் மிஞ்சும் ஐயா.

— போட்டோவில முகத்த மறைச்சுப் போடுவாங்களே, அப்பிடிப் போட்டா?

— முகத்த மறைச்சாக் களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி இரிக்கும். வேணாம். நிமிந்து நிண்டு எடுங்க. ஏன் வெக்கப்படுற? செத்துப் போயிருந்தா நான் இண்டைக்கு வெள்ளச் சீல.

— இலட்சுமி, உனக்கு விளங்கல்ல. நாளைக்கு நான் துறையடிக்குப் போனா சின்னப் பொடியனும் முதலை எண்டு கூப்பிடுவான். தலைவர் பதவி போகட்டும். நான் நடந்து போற பாதையில சிரிச்சா எப்பிடி உசிரோட இரிக்கிற?

— இப்ப உசிரோட இரிக்கிறதால தானே அந்தக் கவல. கொஞ்சம் எழும்பி வெளிய பாருங்க. மகள், நீயும் பாரு. படுவான்கரைப் பக்கம் எப்பிடிக் கறுத்துக்கொண்டு வருது எண்டு.

— ஓம் அம்மா. காத்தும் மாறிட்டு.

— அந்தக் கறுப்புக்குக் கீழதான் என்ட மருமகன் நிக்கிறான். நிதுர்ஷன். மகளுக்கு ஏழு மாசம். நேத்து நான் கேட்ட, ஜக்கட்டப் போட்டுக்கொண்டு போங்க தம்பி எண்டு. என்ன சொன்னான் தெரியுமா? மாமாவே நீந்தி வந்தவர், நான் போட்டாச் சனம் என்ன சொல்லும் மாமி எண்டான். அவன் அப்பிடிச் சொன்ன நேரம் இருந்து எனக்கு வாய்க்குள்ள சோறு இறங்கல்ல. நீங்க சொன்ன அந்த ஒரு சொல்தான் அவன இண்டைக்கு வெறும் உடம்போட ஆத்தில விட்டிரிக்கு.

— அவன் நல்லா நீந்துவான் இலட்சுமி.

— நீங்களும் நல்லாத்தான் நீந்தினீங்க. இந்தாங்க ஃபோன். எடுங்க. மகள், நம்பரப் போட்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வெச்சு விடுகா. இவர் மாத்திச் சொன்னா நான் உடன கேக்கணும்.

— அடிக்குது அம்மா. ஐயா, பேசுங்க.

— ஹலோ? மருமகன்? நான் மாமா கதைக்கிறன். எங்க நிக்கிறீங்க?

— நடு ஆத்தில மாமா. எல்லாத் தோணியும் இஞ்சதான் நிக்குது. இறால் நல்லாப் படுது. கேக்குதா? காத்துச் சத்தம்.

— கேக்குது. வானம் கறுக்குது தம்பி. அந்த... அந்த ஜக்கட் இரிக்கா?

— என்ன மாமா?

— ஜக்கட். அத எடுத்துப் போடுங்க.

— அது என்னத்துக்கு மாமா? நீங்கதானே சொன்ன, நீச்சல் தெரிஞ்சவனுக்குத் தேவையில்ல எண்டு. அது வீட்ட கிடக்கும்.

— வீட்டில இல்ல எண்டு பிரஷாந்தி சொன்னாங்களே. நாய் கொண்டு போன எண்டு.

— ஆரு மாமா அது?

— அது மதிப்பீட்டு மிஸ். அத விடுங்க தம்பி. கெதியாக் கரைக்கு வாங்க.

— மாமா, முழு வலையும் போட்டுக் கிடக்கு. ஒரு மணித்தியாலத்தில வாறன். பயப்படாதீங்க. உங்கட மருமகன் தானே, முதலை வந்தாலும் பாத்துக்கொள்ளுவன்.

— சிரிக்கிறான், கேட்டீங்களா? சொல்லுங்க. இப்ப சொல்லல்ல எண்டா நான் மகள்ட முகத்தில முழிக்க ஏலாது.

— மருமகன்.

— சொல்லுங்க மாமா.

— அண்டைக்கு... போன மார்கழி... நான் நீந்தி வரல்ல.

— கேக்கல்ல மாமா, காத்து.

— நான் நீந்தி வரல்ல எண்டு சொல்றன்! எனக்கு நீந்தத் தெரியாது! ஜக்கட் போட்டிருந்த! அதுதான் என்னக் கொண்டு வந்த! நான் மல்லாக்கக் கிடந்து அழுதுகொண்டு வந்த! முதலையும் இல்ல ஒண்டுமில்ல, அது கட்டை! அண்டைக்கு இருந்து ஒவ்வொரு நாளும் மழைக்கோட்டுக்குள்ள அதப் போட்டுக்கொண்டுதான் வாறன்! இப்ப கேட்டிச்சா? தம்பி? லைன் கட்டாகிட்டா மிஸ்?

— இல்ல ஐயா, லைன்ல தான் இருக்கார்.

— தம்பி, என்ன நினைச்சாலும் நினையுங்க. சங்கத்தில சொன்னாலும் சொல்லுங்க. நாளைக்குக் கூட்டம் கூட்டி நானே சொல்றன். நீங்க மட்டும் கரைக்கு வாங்க. என்ட பேரப்புள்ள தகப்பன் முகத்தப் பாக்கணும்.

— மாமா, கொஞ்சம் மெதுவாக் கதைங்க. தோணியில தனோஜன் பின்னுக்கு இரிக்கான்.

— கேக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்.

— அதுக்கில்ல மாமா. நானும்... நானும் கோட்டுக்குள்ள போட்டுத்தான் இரிக்கன்.

— என்ன?

— புள்ள தங்கின நாள்ல இருந்து பிரஷாந்தி போட்டுத்தான் அனுப்புறவ. ஆரும் கேட்டா நாய் எண்டு சொல்லு எண்டு நான்தான் சொல்லிக் குடுத்த. உங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பீங்க எண்டு வெக்கம் மாமா. நேத்து மாமி கேக்கக்குள்ளயும் உள்ளுக்குப் போட்டுத்தான் நிண்ட.

— அட பாவி மகனே! எனக்கு ஒரு ராத்திரிச் சோறு நட்டம்!

— அறுபதுக்கு ரெண்டு! ஐயா, அவர்ட ஜக்கட் இலக்கத்தக் கேளுங்க. கழுத்துப் பட்டியில அடிச்சிருக்கும்.

— நில்லுங்க மாமா. டேய் தனோஜன், என்னடா செய்யிறாய்? ஏன்டா கோட்டக் கழட்டுறாய்? ... மாமா! இவனும் உள்ளுக்குப் போட்டிரிக்கான்!

— மூண்டு!

— அவன் அங்கால தோணிக்குக் கத்துறான் மாமா, தலைவர் நீந்தல்லையாம், தலைவரும் போட்டவராம் எண்டு. அந்தத் தோணியில மர்சூக் நானா எழும்பி நிண்டு சிரிக்கிறார். சிரிச்சுக்கொண்டே அவரும் கோட்டுப் பொத்தானக் கழட்டுறார். அந்தப் பக்கத்துத் தோணியிலயும்... டேய், நீயுமாடா?

— அம்மா, எலி வெட்டின வீடு, நாய் இழுத்த வீடு, கட்டாருக்குப் போன வீடு... நான் பகல் நேரத்தில வீட்டில தேடியிரிக்கன் அம்மா.

— மருமகன், அங்க என்ன நடக்குது? எனக்குச் சிரிக்கிற சத்தம்தான் கேக்குது. என்னப் பாத்தா சிரிக்கிறாங்க?

— உங்களப் பாத்தில்ல மாமா, ஒராள ஒராள் பாத்துச் சிரிக்கிறாங்க. எல்லாரும் வலையத் தூக்கிட்டாங்க, கரைக்குத்தான் வாறம். ஜக்கட் எண்ணுறதுக்கு மிஸ்ஸத் துறையடிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க மாமா, ஆறு முழுக்க ஒரேஞ்ச் நிறமாக் கிடக்கு.